அடிமனை அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு, தோட்டம் ஊருக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் உள்ள ட்ராய் கார்டன்ஸ் பற்றிப் படித்திருக்கிறீர்கள். நிலம் ஓர் அமைப்பின் பெயரில், வீடு குடும்பத்தின் பெயரில், பக்கத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோருக்குமான தோட்டம். ‘இப்படி வாங்குவது சொந்த வீடா, நீண்டகால வாடகையா? விற்கும்போது முழு லாபம் கிடைக்காது என்றால் ஏன் வாங்க வேண்டும்? அந்தப் பசுமை இடத்தை நாளைக்கு யாரும் மனை போட்டு விற்றுவிட மாட்டார்களா? நாங்கள் இருபது குடும்பங்கள் கோவைப் பக்கம் இதைச் செய்ய முடியுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கவலை என்று படுகிறது: போட்ட பணம் பத்திரமாக இருக்குமா, விட்ட இடம் நிலைக்குமா. இந்த ஏற்பாடுகளின் பத்திர வேலையோடும் தோட்ட வேலையோடும் பழகியவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். சந்தேகத்துக்கு இடமுள்ளதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

இந்த ஏற்பாட்டை அங்கே கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் என்கிறார்கள். பெயரில் டிரஸ்ட் இருந்தாலும் பெரும்பாலும் அது லாப நோக்கற்ற ஒரு நிறுவனமாகவே பதிவாகியிருக்கும். தமிழ்நாட்டில் கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இதன் உருவம் சட்டென்று பிடிபடும்: கட்டடம் நம்முடையது, அடிமனை வேறொருவருடையது. வேறுபாடு இருப்பது குத்தகையின் பலத்தில். நம் அடிமனைக் குடியிருப்புகளில் வாடகை எப்போது உயரும், பேர் மாற்றித் தருவார்களா என்ற பயம் தலைமுறையாகத் தொடர்கிறது. அங்கே குத்தகை 99 வருடம். புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பதிவாகும். மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ இறங்கும். வீட்டை அடமானம் வைத்து 30 வருட வங்கிக்கடன் வாங்கலாம். நிலம் வைத்திருக்கும் அமைப்பின் நிர்வாகக் குழுவில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு இடம் அந்த வீட்டுக்காரர்களுக்கு, ஒரு பங்கு சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் மற்றவர்களுக்கு, மீதி ஒரு பங்கு நகராட்சி, வல்லுநர்கள் போன்ற பொதுநலப் பிரதிநிதிகளுக்கு. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: சொந்த வீடுதான், ஆனால் இரண்டு கட்டுப்பாடுகளோடு. நீங்களே அதில் குடியிருக்க வேண்டும். விற்றால் ஒப்பந்தத்தில் எழுதிய கணக்குப்படிதான் விற்க வேண்டும்.

ட்ராய் கார்டன்ஸ் 31 ஏக்கர். மாநில அரசு வேண்டாம் என்று ஒதுக்கிய நிலம் அது. சுற்றுவட்டாரத்து மக்கள் அதில் ஏற்கெனவே காய்கறி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1995ல் அதன் ஒரு பகுதியை விற்கப்போவதாக அரசு சொன்னபோது அவர்கள் திரண்டார்கள். அக்கம்பக்கத்து மன்றம், தோட்டக்காரர்கள், பல்கலைக்கழகத்தினர், மேடிசன் வட்டார லேண்ட் டிரஸ்ட் எல்லோரும் சேர்ந்து, தோட்டமும் இருக்கட்டும், வீடும் இருக்கட்டும் என்று ஒரே திட்டமாகக் கொடுத்தார்கள். 2001ல் நிலம் லேண்ட் டிரஸ்டின் கைக்கு வந்தது. 2007ல் வீடுகள் முடிந்தன. கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டது சுமார் 5 ஏக்கர். அதில் 30 வீடுகள், 20 வீடு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, 10 சந்தை விலைக்கு. மீதி 26 ஏக்கரில் சமுதாயத் தோட்டம், சந்தா கட்டியவர்களுக்கு வாரந்தோறும் காய்கறி கொடுக்கும் 5 ஏக்கர் பண்ணை, மறுபடி உண்டாக்கிய புல்வெளி, மரக்காடு, நடைபாதைகள். வீட்டையும் பசுமையையும் ஒரே மனுவில் கேட்டதுதான் இதில் கவனிக்க வேண்டிய அரசியல். வெறும் வீட்டுத் திட்டமென்றால் தோட்டக்காரர்கள் எதிர்த்திருப்பார்கள். வெறும் தோட்டமென்றால் நகராட்சியின் வீட்டுவசதிப் பணம் வந்திருக்காது.

விலை எப்படிக் குறைகிறது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. அடிமனையைப் பிரித்துவிட்டால் வீடு தானாக மலிவாகிவிடாது. செங்கல், மரம், கூலி எல்லாம் அதே விலைதான். நிலத்தின் விலையையும் கட்டுமானத்தில் ஒரு பகுதியையும் யாரோ ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் நகராட்சி வழியாக வரும் ஒன்றிய அரசின் வீட்டுவசதி மானியம், அல்லது இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைத்த அரசு நிலம். பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் டட்லி தெரு மக்கள் அமைப்பு 1988ல் இன்னும் ஒரு படி மேலே போனது. தரிசாய்க் கிடந்த தனியார் மனைகளைப் பொது நோக்கத்துக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகரிடமிருந்து வாங்கியது. அந்த மனைகளில் இன்று 225க்கும் மேற்பட்ட வீடுகளோடு பூங்காக்களும் நகர்ப்புறப் பண்ணையும் ஒரு பசுமைக்குடிலும் இருக்கின்றன. முதல் நாள் மானியம் இல்லாமல் இந்த ஏற்பாடு நிலைத்து நின்றதை நான் கண்டதில்லை.

அந்த மானியம் முதல் வீட்டுக்காரரோடு போய்விடாமல் வீட்டிலேயே தங்குவதற்குத்தான் மறுவிற்பனைக் கணக்கு. உதாரணமாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சந்தையில் 3,00,000 டாலர் பெறும் வீடு. 90,000 மானியம் போக ஒரு குடும்பம் 2,10,000க்கு வாங்குகிறது. 10,000 கையிலிருந்து, 2,00,000 கடன், 6 சதவீத வட்டி, 30 வருடம். பத்து வருடம் கழித்து அதே வீடு சந்தையில் 4,00,000 பெறுகிறது. வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் 1984ல் தொடங்கி இன்று சாம்ப்ளெயின் ஹவுசிங் டிரஸ்ட் என்று இயங்கும் அமைப்பின் முறை, மதிப்பு உயர்வில் 25 சதவீதம் வீட்டுக்காரருக்கு என்பது. 1,00,000 உயர்வில் 25,000. விற்பனை விலை 2,35,000. பத்து வருடத் தவணையில் அசல் சுமார் 32,600 குறைந்திருக்கும். ஆக மீதிக் கடன் 1,67,400 போக, செலவுகளுக்கு முன் 67,600 கையில் வரும். புதிதாகச் சேர்த்த அறை போன்ற பெரிய வேலைகளுக்கு மதிப்பு தனியாகக் கூடும். அடுத்த குடும்பத்துக்கு 4,00,000 பெறும் வீடு 2,35,000க்குக் கிடைக்கிறது. வீட்டுக்குள் தங்கியிருக்கும் மானியம் புதிதாக ஒரு டாலர் பொதுப்பணம் போடாமலே 90,000லிருந்து 1,65,000 ஆகிவிட்டது. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். முழு ஏற்பாட்டின் உயிர் இங்கேதான்.

கணக்கு எழுதும் முறைகள் வேறு பலவும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கோளாறு செய்யும். வட்டார சராசரி வருமானம் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு விலை ஏறலாம் என்று எழுதினால், மேலே சொன்ன பத்து வருடத்தில் வருமானம் 25 சதவீதம் ஏறியிருந்தால் விலை 2,62,500. விற்பவருக்கு நல்லது. ஆனால் வட்டி ஏறும்போது வாங்குபவர் திணறுவார். 2,00,000 கடனுக்கு 3 சதவீத வட்டியில் மாதத் தவணை 843 டாலர், 7 சதவீதத்தில் 1,331. வருமானம் ஏறாமல் வட்டி மட்டும் ஏறினால் கணக்கு சொல்லும் விலைக்கு வாங்க ஆள் இருக்காது. வருடம் 2 சதவீதம் என்று நிலையாக எழுதினால் எல்லோருக்கும் எளிதாகப் புரியும், பத்து வருடத்தில் ஏறத்தாழ 2,56,000. ஆனால் சந்தை விழுந்த காலத்தில் கட்டுப்பாடுள்ள வீட்டின் விலை கட்டுப்பாடற்ற வீட்டின் விலையைத் தொட்டுவிடும். அப்போது கட்டுப்பாட்டோடு வாங்க யார் வருவார்? அதனால் எந்த முறை எழுதினாலும், கணக்குப்படி வந்த விலை, அன்றைய சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுவே உச்சவிலை என்று ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு நிச்சயம் கிடைக்கும் என்று எந்த அமைப்பும் வாக்குக் கொடுக்கக் கூடாது, வாங்குபவரும் அப்படி நம்பக் கூடாது.

கடன் விஷயத்தில், நிலம் தன் பெயரில் இல்லாத வீட்டுக்கு வங்கி எப்படிக் கடன் தருகிறது என்பது நியாயமான சந்தேகம். அங்கே கடன்களை வாங்கித் தொகுக்கும் பெரிய நிறுவனமான ஃபேனி மே, லேண்ட் டிரஸ்ட் குத்தகைக்கென்றே ஓர் இணைப்புப் படிவம் வைத்திருக்கிறது. அதன்படி வீட்டுக்காரர் தவணை தவறினால் டிரஸ்டுக்கு அறிவிப்பு வரும். டிரஸ்ட் உள்ளே புகுந்து பாக்கியைக் கட்டலாம், வீட்டை வாங்கலாம். ஒன்றும் செய்யாமல் ஏலம் வரை போனால் மறுவிற்பனைக் கட்டுப்பாடு கழன்றுவிடும், வீடு சந்தைக்குப் போய்விடும். எனவே கையில் கொஞ்சம் ரொக்கம் இல்லாத டிரஸ்ட் காகிதத்தில் எவ்வளவு பலமாக இருந்தாலும் நெருக்கடியில் வீட்டை இழக்கும். இதைச் சரியாகச் செய்தால் பலன் பெரியது என்பதற்கு 2010ன் இறுதி நிலவரமே சாட்சி. வீட்டுக்கடன் நெருக்கடியில் நாடு முழுக்க 4.63 சதவீதக் கடன்கள் ஏல நடவடிக்கையில் இருந்தபோது, லேண்ட் டிரஸ்ட் வீடுகளில் அது 0.46 சதவீதம். வாங்கும் முன் கொடுத்த பயிற்சியும், தவணை தவறிய முதல் மாதமே வந்து கதவைத் தட்டிய ஊழியரும்தான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பசுமை இடத்துக்கு வருவோம். அதைக் காக்கும் காகிதம் வீட்டைக் காக்கும் காகிதத்திலிருந்து வேறாக இருக்க வேண்டும். மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. வீட்டுக்காரர் சங்கத்தின் பெயரில் விடலாம். அப்போது பராமரிப்புக்குப் பணம் திரட்டுவது சுலபம், ஆனால் நாளைக்கு முக்கால்வாசிப் பேர் கைதூக்கினால் வாகன நிறுத்துமிடமாகிவிடும். வெளியாட்கள் வரக்கூடாது என்று வேலியும் வந்துவிடும். நகராட்சிக்குக் கொடுத்துவிடலாம். அப்போது எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் பராமரிப்பு நகராட்சியின் வசதிப்படி. மூன்றாவது, நிலம் டிரஸ்டிடமே இருக்க, கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நிரந்தரமாகத் துண்டித்து, அந்தத் தடையைக் கண்காணிக்கும் அதிகாரத்தை வேறோர் அமைப்பிடம் பதிவுப் பத்திரத்தின் மூலம் ஒப்படைப்பது. ட்ராய் கார்டன்ஸின் 26 ஏக்கரைக் காப்பது இந்த மூன்றாவது வழி. டிரஸ்டே நினைத்தாலும் அங்கே வீடு கட்ட முடியாது, ஏனென்றால் சாவி இன்னொருவர் கையில். எனக்கு இதுவே மிக நல்லதாகத் தெரிகிறது. வீட்டுக்கான நெருக்கடி எப்போதும் கடுமையாக இருக்கும் ஊரில், ‘அந்தக் காலி இடத்தில் இன்னும் பத்துக் குடும்பத்துக்கு வீடு கட்டலாமே’ என்ற வாதம் வருடந்தோறும் வரும். அந்த வாதம் நியாயமானதும்கூட. எத்தனை வீடு, எவ்வளவு வெளி என்பதை முதல் வீடு விற்கும் முன்னரே முடித்துப் பதிந்துவிட வேண்டும்.

காகிதம் முடிந்தபின் மண். நகருக்குள் இருக்கும் மலிவான மனை பெரும்பாலும் பழைய கட்டடம் இடிந்த மனையாக இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் 1978ல்தான் தடையானது. அதற்கு முன் சுரண்டி உதிர்ந்ததெல்லாம் மண்ணில் இருக்கிறது. சாலையோரம் ஈயப் பெட்ரோல் புகையும் படிந்திருக்கும். குடியிருப்பு மண்ணில் ஈயம் பத்து லட்சத்தில் 400 பங்கு வரை என்றிருந்த எச்சரிக்கை அளவை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. ஒரு மனைக்கு ஒரே ஒரு மாதிரி எடுத்து அனுப்புவது வீண். பழைய சுவர் நின்ற கோட்டிலிருந்து சில அடிக்குள் ஒன்று, சாலையோரம் ஒன்று, நடுவில் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள், மேல் ஆறு அங்குல மண்ணை மட்டும் எடுங்கள். அளவு கூடினால் வேலை நிற்க வேண்டியதில்லை. தரையில் துணிவிரிப்புப் போட்டு, மேலே ஓரடி உயரப் பாத்தி கட்டி வெளிமண் நிரப்பலாம். 4 அடி அகலம், 12 அடி நீளம், ஓரடி ஆழம் என்றால் ஒரு பாத்திக்கு 48 கன அடி, சுமார் 1.36 கன மீட்டர். நாற்பது பாத்திக்கு 54 கன மீட்டர். அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கமிருந்தும் கை நடுவை எட்ட வேண்டும். பக்கப்பலகைக்குப் பழைய ரயில்வே கட்டைகளையும் 2004க்கு முந்தைய மருந்தேற்றிய மரத்தையும் தொடாதீர்கள். முன்னதில் கிரியோசோட், பின்னதில் ஆர்சனிக். கம்போஸ்ட் கலந்த மண் முதல் வருடத்திலேயே கணிசமாக இறங்கிவிடும், இரண்டாம் வருட நிரப்பலுக்கும் பணம் எடுத்து வையுங்கள். ஈயம் மிதமாக இருக்கும் மண்ணில் தக்காளி, கத்தரி போன்ற காய்களில் ஆபத்து குறைவு. கீரையிலும் கிழங்கிலும் கூடுதல், ஏனென்றால் மண் அப்படியே ஒட்டிக்கொண்டு சமையலறைக்கு வரும்.

தண்ணீரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தோட்டத்தில் ஒருவருக்கு ஒதுக்கும் 20க்கு 20 அடி வயலுக்கு வாரம் ஓர் அங்குலம் தண்ணீர் என்று வைத்தால் 940 லிட்டர். நாற்பது வயலுக்கு வாரம் 37,600 லிட்டர். மொத்தமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் எல்லோரும் வேலை முடித்து மாலை ஆறு மணிக்கு வருவார்கள். முக்கால் அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்தால் பெரிய விஷயம். இரண்டு மணி நேரத்தில் 4,800 லிட்டர். ஒரு வயலுக்கு வாரம் மூன்று முறை என்று பிரித்தால் முறைக்கு 313 லிட்டர், அதாவது பதினைந்து பேருக்குமேல் ஒரு மாலையில் நனைக்க முடியாது. பதினாறாவது ஆள் காத்திருப்பார், மூன்றாவது வாரம் சண்டை வரும். முதன்மைக் குழாயை ஒன்றேகால் அங்குலமாகப் போட்டு, ஆறு வயலுக்கு ஒரு குழாய் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். ஹோஸில் உள்ள நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு கட்டாயம். மேடிசன் போன்ற உறைபனி ஊரில் அக்டோபரில் குழாய்களைக் காற்றூதி வெறுமையாக்க வேண்டும். அந்த ஒருநாள் வேலைக்குப் பெயர் குறித்த ஓர் ஆள் இல்லையென்றால் வசந்தத்தில் வெடித்த குழாயோடுதான் பருவம் தொடங்கும். பிரதான நடைபாதை சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போக 5 அடி, வயல்களுக்கிடையே 2 அடி போதும்.

அடுத்தது மனிதர்கள். ஜூலையில் கைவிடப்பட்ட ஒரு வயல் சுற்றியுள்ள எட்டு வயலுக்கும் களை விதை அனுப்பும். ஓர் எச்சரிக்கை, பதினான்கு நாள் அவகாசம், பிறகு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு மாற்றம் என்று எழுதி, விதிவிலக்கில்லாமல் நடத்த வேண்டும். நோய், பிரசவம் என்றால் அந்தப் பருவத்துக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்ற இரக்கமும் விதியிலேயே இருக்கட்டும். அதைவிடப் பெரிய உரசல் வீட்டுக்காரருக்கும் வெளியிலிருந்து வரும் தோட்டக்காரருக்கும் இடையில் வரும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடத்தைத் தன் கொல்லைப்புறமாக நினைப்பது மனித இயல்பு. ட்ராய் கார்டன்ஸில் வயல் வைத்திருப்போரில் பெரும்பாலோர் அந்த முப்பது வீட்டுக்காரர்கள் அல்லர், சுற்றுவட்டாரத்து மக்கள். லாவோஸ் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஹ்மாங் இனக் குடும்பங்களும் அதில் உண்டு. அவர்களுக்கு வண்டி நிறுத்த எங்கே இடம், கழிப்பறை எது, எத்தனை மணி வரை இருக்கலாம், நாய் வரலாமா என்பதையெல்லாம் வீடு வாங்குபவர் கையெழுத்திடும் காகிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது பறிப்பு மாதிரி உணரப்படும்.

பணக்கணக்கு: வீட்டுக்காரர் டிரஸ்டுக்குக் கட்டும் மாத மனை வாடகை சிறியது. 40 டாலர் என்று வைத்தால் முப்பது வீட்டுக்கு வருடம் 14,400. இதில் ஒரு முழுநேர ஊழியரின் பாதிச் சம்பளம்கூட வராது. அதனால்தான் முப்பது வீட்டோடு நிற்கும் டிரஸ்ட் எப்போதும் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறது, பர்லிங்டன் டிரஸ்ட் மாதிரி பெரிதாகி, 2006ல் இன்னோர் அமைப்போடும் இணைந்துகொண்டது தாங்குகிறது. தோட்டத்தின் வரவு செலவை வீட்டுக் கணக்கோடு கலக்கவே கூடாது. தோட்டத்துக்குத் தனி அமைப்பு, தனி வங்கிக் கணக்கு, வருமானத்துக்கேற்ற வயல் கட்டணம். தண்ணீர், விபத்துக் காப்பீடு, மரக்கிளை வெட்டு, மரத்தூள், கருவிக் கொட்டகை ஆகியவை வருடச் செலவுகள். மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்பதைக் குத்தகையில் எழுதுங்கள்.

இதுவரை சொன்னவை எனக்கு ஐயமில்லாதவை. இனி ஐயமுள்ளவை. பசுமை இடம் அக்கம்பக்கத்தை அழகாக்கினால் அந்த வட்டாரத்தில் வாடகை ஏறும். டிரஸ்ட் வீட்டில் இருப்பவர் பாதுகாப்பாக இருப்பார், அடுத்த தெரு வாடகைக்காரர் வெளியேற நேரலாம். முப்பது வீடு அந்த அலையை நிறுத்தும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பகுதியின் மனைகளில் கணிசமான பங்கு டிரஸ்ட் கையில் இருந்தால் ஒருவேளை முடியலாம், டட்லி அதற்கு அருகில் வருகிறது. அடுத்து, 25 சதவீதப் பங்கு ஏழைக் குடும்பத்துக்கு நியாயமா என்ற வாதம். தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் போய் உயர்வில் கால் பங்கு போதும் என்பது சரியல்ல என்று கறுப்பினத்தவரிடையே வலுவான குரல் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. வாடகையோடு ஒப்பிட்டால் டிரஸ்ட் வீடு தெளிவாக மேல், கட்டுப்பாடற்ற சொந்த வீட்டோடு ஒப்பிட்டால் குறைவு. வாங்குபவருக்கு அந்த இரண்டாவது வழி உண்மையில் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே பதில் அமையும். எண்ணிக்கையிலும் மிகைப்படுத்தக் கூடாது: நாடு முழுக்க இத்தகைய அமைப்புகள் 300க்குச் சற்று மேல்தான்.

தமிழ்நாட்டுக்கு வருமுன் ஒரு பழைய கதை, ஏனென்றால் வேர் நம் பக்கமும் இருக்கிறது. இந்த வகையின் முதல் முயற்சி 1969ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ், சுமார் 5,700 ஏக்கர். அதைத் தொடங்கியவர்களில் ராபர்ட் ஸ்வான், வினோபாவின் கிராமதானத்திலிருந்து ஊக்கம் பெற்றவர். நிலம் ஊருக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு என்ற அதே எண்ணம். தமிழ்நாட்டில் எஸ். ஜகந்நாதன் அதற்காகவே உழைத்தார். ஜார்ஜியாவில் வறட்சி வந்தது, அரசுக் கடன் கறுப்பினத்தவர் என்பதால் மறுக்கப்பட்டது, 1985ல் நிலம் கடனில் போனது. பாகுபாட்டுக்கு இழப்பீடாக 2009ல் 1.2 கோடி டாலர் கிடைத்து, 2011ல் வேறு நிலம் வாங்கினார்கள். இதில் எல்லா டிரஸ்டுக்கும் ஒரு நேரடிப் பாடம் உண்டு: அன்றாடச் செலவுக்கோ விவசாயக் கடனுக்கோ அடிமனையை அடமானம் வைக்கக் கூடாது என்று அமைப்பு விதியிலேயே பூட்டுப் போடுங்கள்.

கோவையில் முடியுமா? சட்டத்தின் அடிப்படை நீங்கள் நினைப்பதைவிடச் சாதகம். 1882ன் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 10, விற்ற சொத்தை மறுபடி கைமாற்றவே கூடாது என்று முழுத்தடை போட்டால் அந்தத் தடை செல்லாது என்கிறது. ஆனால் குத்தகையில், குத்தகை கொடுத்தவர் நன்மைக்காகப் போட்ட நிபந்தனைக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே கிரயம் எழுதி விலைக்கட்டுப்பாடு போடுவதைவிட, 99 வருடக் குத்தகை எழுதிப் பதிவு செய்வது பலமான வழி. இன்னொரு வழி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், 1983ன் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ். சங்க விதியில் வீடு யாருக்குக் கைமாறலாம் என்று கட்டுப்படுத்துவது செல்லும் என 2005ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் இருந்த கட்டுப்பாடு ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்பது. அதைப் பின்பற்றாதீர்கள், வருமான வரம்பை மட்டும் எழுதுங்கள்.

தடை வருமிடம் வங்கி. தனியார் அறக்கட்டளை நிலத்தில் குத்தகை வீட்டுக்குக் கடன் தர இங்கே ஃபேனி மே மாதிரி ஆயத்தப் படிவம் எதுவும் இல்லை, ஒவ்வொரு வங்கியின் சட்டப்பிரிவோடும் தனியாகப் பேச வேண்டும். பசுமை இடத்தில் இன்னொரு சிக்கல். மனைப்பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும், 2019ன் கட்டட விதிகள்படி. அது உங்கள் தோட்டமாக இருக்காது, பொது நிலமாகிவிடும். நீங்கள் ஆசைப்படும் பொதுத் தோட்டம் அந்த 10 சதவீதத்துக்கு வெளியே, டிரஸ்ட் பெயரில் தனிச் சர்வே உட்பிரிவாக இருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரையோ வீடு எட்டையோ தாண்டும் விற்பனைத் திட்டத்துக்கு ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் உண்டு. இருபது வீட்டுக்கு அதைத் தவிர்க்க வழி தேடாதீர்கள், பதிவு உங்களுக்கே பாதுகாப்பு.

நிலம் தேடிப் போகுமுன் மூன்று காகிதங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, மறுவிற்பனைக் கணக்கு, எண்களோடு, ஐந்தாம் வருடத்துக்கும் இருபதாம் வருடத்துக்கும் போட்டுப் பார்த்தது. இரண்டு, தோட்டம் யாருக்குத் திறந்திருக்கும், யார் செலவு செய்வார் என்ற ஒரு பக்கம். மூன்று, குத்தகையின் வரைவு. அந்த வரைவை நகல் எடுத்துக்கொண்டு இரண்டு வங்கிகளுக்கும் சொத்துச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடமும் போங்கள். இதைக் காட்டினால் இருபது குடும்பத்தில் சிலர் விலகுவார்கள், பெரும்பாலும் முதல் காகிதத்தைப் பார்த்துத்தான். அவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விலகுவது எல்லோருக்கும் நல்லது. மீதியிருப்பவர்களை வைத்து எத்தனை சென்ட் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.